வாய் புண்ணானதும் வைத்தியத்தை விடலாமா?



என் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆறு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. இடாப்பில் சிவப்புப் புள்ளி கூடிக்கொண்டே போனது. ஏழாம் நாள் பின்னேரம் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதன் அம்மாயிதான் திண்ணையில் பாயைப் போட்டுச் சுருண்டு கிடந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அம்மாயிக்குத் தண்ணீர் கொடுக்கவும் கைக்குழந்தையைப் பார்க்கவும் அந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

அம்மாயிக்கு வாயில் புற்றுநோய். கன்னத்தின் உட்பக்கம் கட்டி வந்து, ஒப்பரேஷன் முடிந்து, கதிர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று நம் சனங்கள் சொல்வது இதைத்தான். மூன்றாம் கிழமையில் வாயெல்லாம் புண். நான்கு நாளாக அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

“டீச்சர், வாய்க்குள்ள நெருப்பு வச்ச மாதிரி இருக்கு. நோவு குறையத்தானே போனேன்? அவங்க கூட்டி விட்டுட்டாங்க. இனி நான் போகமாட்டேன்” என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நெடுநேரம் எடுத்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மேல்தான் வந்தது. அந்த லயத்தில் சங்க அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டக் கமிட்டி இருக்கிறது. நானும் இருக்கிறேன். ஒரு பேர் குறைத்துப் போட்டால் அன்றைக்கே ஒப்பிசுக்கு முன்னால் போய் நிற்கிறோம். நம் அம்மா ஒருவர் பாதி வைத்தியத்தில் நின்றுவிட்டது நான்கு நாளாக எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாய்ப்புண்ணைத் தாங்குவது நோயாளி தனியாகப் படவேண்டிய பாடு என்று விட்டுவிட்டோம். அது தவறு. வீடும் சங்கமும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை அது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான்.

நம் வீட்டு நோய்

இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயிலும் தொண்டையிலும் வருவதுதான். பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை. காரணம் நம் மடியிலேயே இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மலையகத்தில் குளிருக்கும் பசிக்கும் கொழுந்து மலையில் வெற்றிலை போட்டார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். வந்த இடத்திலும் அதற்குக் குறைவில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வெற்றிலைத் தட்டு இல்லாத வீடு அபூர்வம். தேங்காய் உரிக்கிற இடத்திலும் வயலிலும் தோணியிலும் அது இருக்கிறது.

“நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று பலர் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் பாக்கையே தனியாக, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

புண் ஏன் வருகிறது?

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு கிழமை நடக்கும். கிழமைக்கு ஐந்து நாள் என்று மொத்தம் 30 முதல் 35 தடவை. ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான். அந்த நேரத்தில் நோவும் இல்லை, சூடும் இல்லை. அதனால் முதல் கிழமையில் எல்லாரும் தைரியமாக இருப்பார்கள். “இதுக்கா இவ்வளவு பயந்தோம்” என்பார்கள்.

இரண்டாம் கிழமை முடிவில் வாயின் உட்பக்கம் சிவக்கும். மூன்றாம் கிழமையில் எரியும், புண் வரும். எச்சில் குறைந்து கோந்து மாதிரி ஒட்டும். சாப்பாட்டின் ருசி போய்விடும். கடைசிக் கிழமைகளில்தான் நோவு மிக அதிகம். சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமை அப்படியே இருக்கலாம். அதன் பிறகு ஆறத் தொடங்கும். பெரும்பாலானோருக்குச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் புண் ஆறிவிடும். வாய் வறட்சியும் ருசிக் குறைவும் மாதக்கணக்கில் இருக்கலாம். வறட்சி சிலருக்கு முழுதாக நீங்காமலும் போகலாம்.

புண் வந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் பிழையாகச் செய்துவிட்டார்கள் என்றும் நினைக்கவேண்டாம். நம் வாயின் உள்தோல் ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை தேய்ந்து புதிதாக வளர்வது. கதிர் நோயை அழிக்கும்போது அந்தப் புது வளர்ச்சியையும் தடுக்கிறது. தோட்டத்துப் பாதையைப் பாருங்கள். தினமும் கால் படுகிற இடத்தில் புல் முளைப்பதில்லை. நடை நின்றால் சில கிழமையில் பச்சை பிடித்துவிடும். வாயும் அப்படித்தான்.

விட்டால் என்ன?

“புண் ஆறட்டும், ரெண்டு கிழமை கழிச்சுப் போவோம்” என்பது நியாயமான யோசனையாகத்தான் தெரியும். ஆனால் புண் ஆறுகிற நாட்களில் நோயும் வளர்கிறது. சிகிச்சை தொடங்கிச் சில கிழமை கடந்ததும், மிஞ்சியிருக்கும் புற்றுநோய்க் கலங்கள் முன்னைவிட வேகமாகப் பெருகும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்று மேலாகக் குறைகிறது என்று வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து நாள் நின்றால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

அதனால் நோவு தாங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள். வீட்டில் நின்றுவிடாதீர்கள். சிகிச்சையை நிறுத்திவைப்பதா வேண்டாமா என்று வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும். ஏற்கெனவே சில நாள் தவறிப்போயிருந்தாலும் வெட்கப்படாமல் போங்கள். விட்ட நாட்களுக்கு ஈடாக என்ன செய்யலாம் என்று அவர்கள் பார்ப்பார்கள்.

வீட்டில் செய்யவேண்டியது

முதல் வேலை சிகிச்சை தொடங்கும் முன்பே இருக்கிறது. பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். சொத்தைப் பல்லைக் கதிர் தொடங்கும் முன் பிடுங்கி, அந்தக் காயம் ஆறவேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பு பிறகு இலேசில் ஆறாது. பல வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும் “எனக்குக் கதிர் கொடுத்திருக்கிறார்கள்” என்று கட்டாயம் சொல்லுங்கள்.

வாய் கழுவுவதைப் புண் வரும் முன்பே, முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டர், உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி. கரைத்து ஒரு போத்தலில் வையுங்கள். சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும் முன்னும் சேர்த்து நாளுக்கு ஐந்தாறு தடவை வாயில் வைத்து அலசித் துப்பவேண்டும். புண் கூடினால் விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருதரம். மிஞ்சியதை அடுத்த நாளுக்கு வைக்காமல் தினமும் புதிதாகக் கரையுங்கள். கடையில் விற்கும் மதுசாரம் கலந்த வாய்க்கழுவி வேண்டாம், எரியும்.

பல் துலக்குவதை நிறுத்தவேண்டாம். மிக மெதுவான பிரஷ்ஷை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அதுவும் முடியாத நாளில் சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி, நனைத்துத் துடையுங்கள். கரி, செங்கல்தூள், உமிச்சாம்பல் எதுவும் கூடாது. கட்டுப்பல் இருந்தால் கழற்றி வையுங்கள்.

இனி சாப்பாடு. மிளகாய், புளி, தேசிக்காய், ஊறுகாய், கருவாடு, முறுமுறுப்பான ரொட்டி, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி எல்லாவற்றையும் இந்த இரண்டு மூன்று மாதம் தள்ளிவையுங்கள். குழைய வேகவைத்த சோற்றில் தேங்காய்ப்பால் விட்டு மசித்துக் கொடுக்கலாம். பருப்பைத் தூள் போடாமல் கரையக் காய்ச்சலாம். அவித்த முட்டையைக் கஞ்சியில் மசிக்கலாம். வாவி மீனை முள் எடுத்து, மிளகாயும் தேசிக்காயும் இல்லாத சொதியில் உதிர்த்துப் போடலாம். சவ்வரிசிக் கஞ்சி, கதலி வாழைப்பழம், பால் எல்லாம் நல்லது. மட்டக்களப்பு எருமைத்தயிருக்குப் பெயர்போன இடம். புளிக்காத தயிர் பலருக்கு இதமாக இறங்கும். எரிந்தால் விட்டுவிடுங்கள். மூன்று வேளைக்கு நிறையப் போடாமல், இரண்டு மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும்.

“மற்றவங்களுக்கு ஒரு கறி, இவருக்கு ஒரு கறியா?” என்று சில வீட்டில் சலிப்பு வரும். ஒரே சட்டியில் சமைத்து, தூள் போடும் முன் நோயாளிக்கு எடுத்து வைத்தால் முடிந்தது.

உடம்பு மெலிந்தால் சிகிச்சைக்கே இடைஞ்சல் வரும். கதிர் கொடுக்கும்போது முகத்தின் அளவுக்குச் செய்த பிளாஸ்டிக் கவசத்தைப் போட்டு ஆட்டாமல் படுக்கவைப்பார்கள். மிகவும் மெலிந்தால் கவசம் தளர்ந்துவிடும், அதைத் திரும்பச் செய்யவேண்டி வரலாம். ஆகவே கிழமைக்கு ஒருதரம் நிறை பாருங்கள். ஒன்றும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் போடலாமா என்று கேட்பார்கள். “குழாய் போட்டால் ஆள் முடிஞ்சுது” என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. உடம்புக்குப் பலம் கொடுத்துச் சிகிச்சையை முடிக்க வைப்பதற்குத்தான் அந்தக் குழாய். விழுங்க முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்.

நோவு மருந்து விடயத்திலும் பயம் இருக்கிறது. கொடுத்த நேரத்துக்குக் குடிக்கவேண்டும். நோவு உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்கக்கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன் குடித்தால் நாலு வாய் இறங்கும். வைத்தியர் மோர்பின் எழுதினால் அதற்கும் பயப்படவேண்டாம். வைத்தியர் சொன்ன அளவில் நோவுக்குக் குடிப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். மரக்கப் பண்ணும் மருந்து கொடுத்தால், அது இருக்கும்போது சூடாக எதுவும் சாப்பிடாதீர்கள். வாய் வெந்தாலும் தெரியாது.

வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. மஞ்சள், சுண்ணாம்பு, படிகாரம், ஆரோ சொன்ன எண்ணெய் என்று எதையும் வாயிலோ கழுத்திலோ பூசவேண்டாம். தேன் கொடுக்கலாமா, நாட்டு மருந்து கொடுக்கலாமா என்றால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். வாயைத் திறந்து மூடும் பயிற்சியையும் கேட்டுப் பழகுங்கள். பாக்குப் போட்ட வாய் ஏற்கெனவே இறுகியிருக்கும், கதிர் அதை இன்னும் இறுக்கலாம்.

வெற்றிலையை அறவே நிறுத்தவேண்டும். புகையிலை இல்லாமல் ஒரு துண்டுப் பாக்குக்கூடக் கூடாது. பீடி, சிகரட், கள்ளு, சாராயம் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

தண்ணீரே இறங்கவில்லை, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது, காய்ச்சல், வாயில் நிற்காத இரத்தம், மருந்தை விழுங்க முடியவில்லை, மூச்சு விடக் கஷ்டம் என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சங்கம் செய்யவேண்டியது

நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை இலவசம். ஆனால் நம்மவருக்கு அது இலவசமாக முடிவதில்லை. 2024 இல் பெருந்தோட்டத்துக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவை வைத்துக் கணக்குப் போடுவோம். 33 நாள் போனால் நோயாளிக்கு மட்டும் 44,550 ரூபா இழப்பு. கூடப் போகிறவருக்கும் அதே இழப்பு. இரண்டும் சேர்ந்தால் 89,100. பஸ் காசும் சாப்பாடும் வேறு. மூன்றாம் கிழமையில் வாயில் நெருப்பு, கையில் காசில்லை, வீட்டில் குழந்தை. அப்போது “இனிப் போகமாட்டேன்” என்று ஒருவர் சொன்னால் அதை மனத்தைரியம் இல்லாத பேச்சு என்று நாம் எப்படிச் சொல்வது?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் நான் முன்வைப்பது இவ்வளவுதான்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் அங்கத்தவரின் பெயரையும் சிகிச்சை நாட்களையும் கமிட்டி தெரிந்து வைத்திருக்கவேண்டும். அந்த வீட்டுக்கென்று இரண்டு பேரை நியமியுங்கள். அதில் ஒருவர் மாதர் சங்கத்தவராக இருக்கட்டும். மூன்றாம் கிழமையிலிருந்து அவர்கள் தினமும் ஒருதரம் எட்டிப் பார்க்கட்டும். கூடப் போக ஆள் இல்லாத நாளில் முறைவைத்துப் போகட்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல், குழந்தையைப் பக்கத்து வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

சிகிச்சை நாட்களுக்குப் பேர் வெட்டக்கூடாது, திரும்பி வந்ததும் சில மாதம் இலேசான வேலை கொடுக்கவேண்டும் என்ற கோரிக்கையை நிர்வாகத்தோடு பேசும் ஒவ்வொரு பேச்சிலும் எழுத்தில் வையுங்கள். சம்பளக் கோரிக்கைக்குக் கீழே கடைசி வரியாக அல்ல, அதற்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியில் 10 வருட அங்கத்துவமும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ளவர், வைத்தியத்துக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே கேட்கலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி உட்பட என்னென்ன உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேளுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் தோட்டப் பாடசாலைக்கு வாருங்கள். நாங்கள் ஆசிரியர்கள் எதற்கு இருக்கிறோம்?

கடைசியாக ஒன்று. இது சிலருக்குப் பிடிக்காது. நம் சங்கக் கூட்டங்களில் வெற்றிலைத் தட்டு வைக்கிறோம். வந்தவரை மதிக்கிற வழக்கம் அது, எனக்கும் தெரியும். கலியாணத்திலும் கோயிலிலும் அதன் இடத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் தொழிலாளியின் உயிருக்காகப் பேசுகிற கூட்டத்தில், அந்த உயிரைப் பறிக்கிற பொருளை நாமே நீட்டலாமா? வெற்றிலையை விட்டுவிட்டுக் கஷ்டப்பட்டு நிற்கும் ஒருவர் முன்னால் தட்டை நீட்டுவது நியாயமா? ஒரு தேத்தண்ணியும் வாழைப்பழமும் கொடுத்தால் மரியாதை குறைந்துவிடாது. அதே கூட்டத்தில் வாயைப் பார்த்துக்கொள்ளும்படியும் ஒரு வார்த்தை சொல்லலாம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாய் இறுகி மூன்று விரல் போகாத நிலை, இவை இருந்தால் நோவு இல்லாவிட்டாலும் பல் கிளினிக்குக்குப் போகவேண்டும். முன்கூட்டியே கண்டால் சிகிச்சையும் சிறிதாகும், வேதனையும் சிறிதாகும்.

அந்த அம்மாயி அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு வந்தார். மகள் வேலைக்குப் போனாள், பிள்ளை பள்ளிக்கூடம் வந்தது, மாதர் சங்கத்துத் தோழி ஒருவர் அம்மாயியோடு போனார். வாயில் பூஞ்சணம் பிடித்திருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள், நோவு மருந்தையும் மாற்றினார்கள். மிச்சமிருந்த நாட்களில் ஒன்றையும் அவர் விடவில்லை. நோவு இருந்தது, அழுதார், ஆனாலும் போனார். இப்போது குழைந்த சோறு சாப்பிடுகிறார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்க் காட்டுகிறார். மடியில் வெற்றிலைப் பை இல்லை.

அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு போத்தல் உப்புத் தண்ணீர், நேரத்துக்கு மருந்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள். இதைக்கூடக் கொடுக்க முடியாத சங்கமா நம் சங்கம்? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள், தோழர்களே.